‘டியூ’ என்ற ஒரு சொல்: தவணை, கெடு, காரணம், மரியாதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘வண்டிக்கு டியூ கட்டணும்’, ‘நோ டியூ பாரத்துல கையெழுத்து வாங்கணும்’, ‘டியூ டேட் தாண்டிப் போச்சு’ என்று நாள்தோறும் பேசுகிறோம். டி, யூ, இ என்ற மூன்றே எழுத்துள்ள சொல். தமிழ்ப் பேச்சு இதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குத் தனிப் பொருளும் கொடுத்துவிட்டது. அந்தப் பொருளை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போதுதான் நேர்காணலிலும் மின்னஞ்சலிலும் வங்கிக் கடிதத்திலும் சிக்கல் வருகிறது. எனவே பொருளையும் நடைமுறையையும் சேர்த்தே இங்கே விளக்குகிறோம்.

‘டியூ’ என்பதன் அடிப்படைப் பொருள் என்ன?

‘உரியது’, ‘வந்து சேர வேண்டியது’. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பொருள்கள் எல்லாம் தாமாகவே விளங்கும். பணத்தைப் பற்றிச் சொன்னால் ‘செலுத்த வேண்டியது’. ரயிலைப் பற்றிச் சொன்னால் ‘இத்தனை மணிக்கு வர வேண்டியது’. மரியாதை என்றால் ‘ஒருவருக்கு உரியது’. ‘டியூ கேர்’ என்றால் ‘உரிய கவனம்’.

இதன் வேர் லத்தீனில் ‘கடன்பட்டிருத்தல்’ என்ற பொருளுள்ள ‘டெபேரே’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடனைக் குறிக்கும் ‘டெட்’, வங்கியில் பற்று வைக்கும் ‘டெபிட்’, கடமையைக் குறிக்கும் ‘டியூட்டி’ எல்லாம் இதே குடும்பம். கடனும் கடமையும் ஒரே வேரில் பிறந்தது தமிழருக்குப் புதிதாகத் தெரியாது. காலைக்கடன், நேர்த்திக்கடன் என்னும்போது நாமும் பணத்தையா சொல்கிறோம்?

நாம் சொல்லும் ‘டியூ’வும் ஆங்கில ‘டியூ’வும் ஒன்றுதானா?

இல்லை. அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான்.

தமிழ்ப் பேச்சில் ‘டியூ’ என்றால் தவணை. ‘டியூல வண்டி எடுத்தேன்’, ‘மாசம் 2,800 டியூ’, ‘இன்னும் மூணு டியூ இருக்கு’, ‘டியூ முடிஞ்சிருச்சு’. தமிழுக்குள் இவை நன்றாகவே ஓடுகின்றன. யாரும் திருத்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தவணைக்கு ‘டியூ’ என்று பெயர் இல்லை. அங்கே தவணை ‘இன்ஸ்டால்மென்ட்’, அல்லது ‘இஎம்ஐ’. ‘டியூ’ என்பது அந்தத் தவணை இருக்கும் நிலையைச் சொல்வது: கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது.

ஆகவே ‘ஐ பாட் தி பைக் இன் டியூ’ என்பது ஆங்கிலம் அல்ல. ‘ஐ பாட் தி பைக் ஆன் லோன்’ அல்லது ‘ஆன் இன்ஸ்டால்மென்ட்ஸ்’ என்று சொல்லுங்கள். ‘மை டியூ இஸ் 2,800’ என்பதற்குப் பதில் ‘மை இஎம்ஐ இஸ் 2,800’. ‘மை டியூ இஸ் ஓவர்’ என்றால் கேட்பவருக்குப் புரியாது; ‘ஐ ஹேவ் பெய்ட் ஆஃப் தி லோன்’ என்றால் கடன் முழுதும் அடைந்தது என்று பொருள்.

இவற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது ‘ஐ ஹேவ் த்ரீ டியூஸ்’. நீங்கள் சொல்ல நினைப்பது ‘இன்னும் மூன்று தவணைதான் பாக்கி’ என்பது, அதாவது பெருமைப்படும் நிலை. ஆங்கிலத்தில் கேட்பவருக்கு மூன்று இடத்தில் பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று படும். ‘த்ரீ இன்ஸ்டால்மென்ட்ஸ் ஆர் லெஃப்ட்’ என்று சொன்னால் குழப்பம் இல்லை.

டியூ, ஓவர்டியூ, அவுட்ஸ்டாண்டிங், அரியர்ஸ்: எது எது?

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். 36 மாதக் கடன், மாதத் தவணை 2,800 ரூபாய். 22 மாதம் ஓடிவிட்டது. அதில் 20 தவணை கட்டியாயிற்று, இரண்டு விட்டுப்போயிற்று.

விட்டுப்போன இரண்டும் சேர்ந்த 5,600 ரூபாய் ‘ஓவர்டியூ’, அதாவது கெடு தாண்டியது. அதையே ‘அரியர்ஸ்’ என்றும் சொல்லலாம். அடுத்த மாதம் 5ஆம் தேதி வரப்போகும் 23ஆம் தவணை, அந்தத் தேதி வந்ததும் ‘டியூ’ ஆகும். அதற்கு முன் அது டியூ இல்லை. மீதமுள்ள 14 தவணைகளின் தொகை 39,200. பாக்கியான 5,600ஐச் சேர்த்தால் 44,800.

ஆனால் இன்றே கடனை முடிக்கப் போனால் நிறுவனம் 44,800 கேட்காது. வரப்போகும் 14 தவணைக்குள் இனிமேல் ஏறவிருக்கும் வட்டியும் அடங்கியிருக்கிறது. இன்று அசலில் தீராமல் நிற்பது ‘பிரின்சிபல் அவுட்ஸ்டாண்டிங்’. அத்துடன் இதுவரை சேர்ந்த வட்டி, பாக்கிக்கான அபராதம், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் இருந்தால் அது ஆகியவை சேரும். ஆகவே கடனை முடிக்க நினைப்பவர் ‘எவ்வளவு டியூ இருக்கு?’ என்று கேட்டால் பாக்கியை மட்டும் சொல்லிவிடுவார்கள். ‘ஃபோர்க்ளோஷர் அமவுண்ட் எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும்?’ என்று கேளுங்கள்; எழுத்தில் வாங்குங்கள்.

கல்லூரியில் தேறாத பாடத்தை ‘அரியர்’ என்பது நம் ஊர் வழக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது ‘பேக்லாக்’ என்று எழுதுவது நல்லது. ‘அரியர்ஸ்’ என்றால் கட்டணப் பாக்கி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கிரெடிட் கார்டு பில்லில் ‘டியூ’ மூன்று இடத்தில் வருகிறதே?

‘டோட்டல் அமவுண்ட் டியூ’ என்பது அந்த மாதம் கட்ட வேண்டிய முழுத் தொகை. ‘பேமென்ட் டியூ டேட்’ என்பது கெடு தேதி. ‘மினிமம் அமவுண்ட் டியூ’ என்பது, இவ்வளவாவது கட்டினால் உங்கள் கணக்கைத் தவறியதாகக் காட்ட மாட்டோம் என்ற எல்லை. மூன்றாவதைத்தான் பலர் ‘இந்த மாதம் இதைக் கட்டினால் போதும்’ என்று படிக்கிறார்கள். அந்தப் பொருள் அதில் இல்லை.

கணக்கு இப்படி. முழுத் தொகை 20,000. குறைந்தபட்சம் 1,000. நீங்கள் 1,000 கட்டுகிறீர்கள். மீதி 19,000க்கு மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி 665 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 120. ஆக 785 ரூபாய். கட்டிய ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் வட்டிக்கும் வரிக்குமே போகிறது. அசல் கொஞ்சம்தான் குறைகிறது. உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே வரும். முழுத் தொகை கட்டாதபோது வட்டியில்லாக் காலம் பறிபோகும். வட்டி, பொருள் வாங்கிய நாளிலிருந்து கணக்காகும். புதிதாக வாங்குவதற்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். கையில் பணம் குறைவு என்றாலும் குறைந்தபட்சத்தோடு நிறுத்தாமல் முடிந்த அளவு கூட்டிக் கட்டுங்கள்.

கெடு தேதியை ஒரு நாள் தவறவிட்டால் உடனே அபராதமா? இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம், கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். மூன்று நாளைத் தாண்டிவிட்டால் மட்டும் நாள் கணக்கு, பில்லில் உள்ள கெடு தேதியிலிருந்தே தொடங்கும்.

டியூ டேட் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமை போதுமா?

தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருந்தால், போதாது. நாச் என்ற தானியங்கிப் பிடித்தம் 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை உட்பட எல்லா நாளும் இயங்குகிறது. 5ஆம் தேதி ஞாயிறு என்றால் அன்று காலையிலேயே பிடித்துவிடலாம். பணம் சனிக்கிழமை இரவே கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘டியூ பவுன்ஸ்’. உங்கள் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்று எடுக்கும்.

எல்லாக் கெடுவும் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பதற்கு இரண்டு உதாரணம். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சலுகை நாள் உண்டு: மாதா மாதம் கட்டுபவருக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று கட்டுபவருக்கு 30 நாள். அந்த நாள்களில் காப்பு தொடரும். வாகனக் காப்பீட்டில் அப்படி இல்லை. தேதி முடிந்தால் காப்பும் முடிந்தது. 90 நாளுக்குள் புதுப்பித்தால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ மட்டும் தப்பும்.

புரோநோட்டு இன்னும் வேறு. பணம் தர வேண்டிய தேதி குறிப்பிட்ட நோட்டுக்கு, 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டப்படி மூன்று சலுகை நாள் சேர்த்தே முதிர்வு. அந்த முதிர்வு நாள் பொது விடுமுறையாக இருந்தால் கெடு அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப் போகாது, முந்தைய வேலை நாளுக்கு வந்துவிடும். ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு இந்தச் சலுகை நாள் கிடையாது.

‘டேஸ் பாஸ்ட் டியூ’ என்று கடன் அறிக்கையில் இருக்கிறதே?

கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. சுருக்கமாக ‘டிபிடி’. சிபில் அறிக்கையில் மாதவாரியாக மூன்று இலக்கத்தில் இருக்கும். ‘000’ என்றால் பாக்கி இல்லை. ‘035’ என்றால் அந்த மாதம் 35 நாள் தாமதம்.

வங்கிக்குள் இதே எண்ணை வைத்துத்தான் கடனைத் தரம் பிரிக்கிறார்கள். தவணைக் கடனில் 30 நாள் வரை பாக்கி என்றால் ‘எஸ்எம்ஏ 0’ (எஸ்எம்ஏ என்பது தனிக் கவனம் வைக்க வேண்டிய கணக்கு), 31 முதல் 60 வரை ‘எஸ்எம்ஏ 1’, 61 முதல் 90 வரை ‘எஸ்எம்ஏ 2’. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன், அதாவது ‘என்பிஏ’. வங்கியிலிருந்து பேசுபவர் இந்தச் சொற்களைச் சொன்னால் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். வாராக்கடன் ஆன பிறகு ஒரே ஒரு தவணை கட்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பாக்கி முழுவதும், வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டினால்தான் திரும்பும். பேசித் தீர்க்க வேண்டியதை 90 நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

‘டியூ டு’ என்றால் ‘காரணமாக’ என்பது மட்டும்தானா?

மூன்று பொருள் உண்டு. ஒன்று காரணம்: ‘தி டிலே வாஸ் டியூ டு ரெயின்’, மழையால் வந்த தாமதம். இரண்டாவது உரிமை: ‘ஃபைவ் தவுசண்ட் ருபீஸ் இஸ் டியூ டு யூ’, உங்களுக்கு வர வேண்டியது ஐயாயிரம். மூன்றாவது திட்டமிட்ட நேரம்: ‘ஷி இஸ் டியூ டு ரிடையர் இன் ஜூன்’, ஜூனில் ஓய்வுபெற இருக்கிறார்.

பிரித்தறிய எளிய வழி, ‘டியூ டு’வுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது. வினைச்சொல் வந்தால் நடக்கவிருப்பது. நிகழ்ச்சியோ நிலைமையோ வந்தால் காரணம். ஆளோ நிறுவனமோ வந்தால் மட்டும் முன்னாலும் பார்க்க வேண்டும்: முன்னால் பணம், விடுப்பு, மரியாதை போல ஒருவரிடம் சேர வேண்டிய ஒன்று இருந்தால் உரிமை, வெற்றி, தோல்வி, விபத்து போன்ற விளைவு இருந்தால் ‘இவரால்’ என்ற காரணம்.

இரண்டாவது பொருளில்தான் பணம் சம்பந்தப்பட்ட விபரீதம் நடக்கும். வேலையை விட்டு வரும்போது தரும் இறுதிக் கணக்கில் ‘அமவுண்ட் டியூ டு எம்ப்ளாயி’ என்றும் ‘அமவுண்ட் டியூ ஃபிரம் எம்ப்ளாயி’ என்றும் இரு வரி இருக்கும். ‘டு’ என்றால் உங்களுக்கு வர வேண்டியது; ‘ஃபிரம்’ என்றால் உங்களிடமிருந்து போக வேண்டியது. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடிக்காதவரின் கணக்கில் பிடித்தம் பெரும்பாலும் இரண்டாவது வரியில்தான் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தச் சின்னச் சொல்லைப் படியுங்கள்.

‘டியூ டு’, ‘பிகாஸ் ஆஃப்’: தேர்வில் எதை எழுதுவது?

பழைய இலக்கண விதி இது: ‘டியூ டு’ ஒரு பெயர்ச்சொல்லை விளக்க வேண்டும், ‘பிகாஸ் ஆஃப்’ ஒரு செயலை விளக்க வேண்டும். ‘டியூ டு’ இருக்கும் இடத்தில் ‘காஸ்ட் பை’ போட்டுப் பாருங்கள். ‘தி டிலே வாஸ் காஸ்ட் பை ரெயின்’ சரியாக அமர்கிறது, ஆகவே ‘டியூ டு’ சரி. ‘வி கேம் லேட் காஸ்ட் பை ரெயின்’ அமரவில்லை, ஆகவே அங்கே ‘பிகாஸ் ஆஃப் ரெயின்’.

இன்றைய ஆங்கிலத்தில் ‘டியூ டு ரெயின், தி மேட்ச் வாஸ் கேன்சல்டு’ என்று செய்தித்தாளும் எழுதுகிறது, அறிவிப்புப் பலகையும் எழுதுகிறது. அதைத் தவறு என்று ஒதுக்க முடியாது. பிழை கண்டுபிடிக்கும் போட்டித்தேர்வுக் கேள்வியில் மட்டும் பழைய விதியைப் பின்பற்றுங்கள்.

எங்கும் தவறாவது வேறொன்று. ‘டியூ டு’வுக்குப் பின் முழு வாக்கியம் வராது. ‘டியூ டு ஹி வாஸ் சிக்’ பிழை. ‘டியூ டு இல்னெஸ்’ அல்லது ‘பிகாஸ் ஹி வாஸ் சிக்’. விடுப்புக் கடிதங்களில் மிகுதியாக வரும் பிழை இது. ‘டியூ டு தி ஃபேக்ட் தட்’ என்று நீட்டி முழக்கினால் இலக்கணம் தப்பாது, ஆனால் ‘பிகாஸ்’ என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்யும்போது நீட்டுவானேன்?

கர்ப்பிணியிடம் ‘வென் ஆர் யூ டியூ?’ என்று கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லை. ‘எப்போ டேட் கொடுத்திருக்காங்க?’ என்று நாம் கேட்பதுதான் அது. ‘ஷி இஸ் டியூ இன் மார்ச்’ என்றால் மார்ச்சில் பிரசவம்.

மருத்துவர் அந்தத் தேதியைக் குறிப்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எண்ணி. விரல்கணக்கு: முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, ஒன்பது மாதம் தள்ளுங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. இது 28 நாள் சுழற்சி உள்ளவருக்குப் பொருந்தும் கணக்கு. சுழற்சி முன்பின் ஆனால், முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் தரும் தேதியே நம்பகமானது. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். ஆகவே இந்த ‘டியூ டேட்’டை வங்கிக் கெடுபோல எண்ணி, அன்றைக்கு வலி வரவில்லையே என்று பதறக் கூடாது. அதே நேரம் தேதி தாண்டினால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பணமும் பிரசவமும் இல்லாத இடத்தில் எப்படி வரும்?

நேர அட்டவணையில்: ‘தி டிரெயின் இஸ் டியூ அட் சிக்ஸ் டென்’. வந்தே தீரும் என்று இது உறுதி சொல்லவில்லை. அட்டவணைப்படி ஆறு பத்துக்கு வர வேண்டும் என்கிறது. நூலகத்தில்: ‘தி புக் இஸ் டியூ ஆன் மண்டே’. பள்ளியில்: ‘தி அசைன்மென்ட் இஸ் டியூ பை ஃபிரைடே’. ‘ஆன்’ என்றால் அந்த நாள். ‘பை’ என்றால் அந்த நாளுக்குள், முன்பே கொடுத்தாலும் நல்லது.

‘டியூ ஃபார்’ என்பது காலம் கனிந்துவிட்டதைச் சொல்வது. ‘தி பைக் இஸ் டியூ ஃபார் சர்வீஸ்’, வண்டிக்குச் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது. ‘ஷி இஸ் டியூ ஃபார் எ பிரமோஷன்’, அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டிய கட்டம். அதையே ‘லாங் ஓவர்டியூ’ என்றால் எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது என்ற ஆதங்கமும் சேர்ந்துவிடும். சாலை கேட்டுப் பல ஆண்டு காத்திருக்கும் ஊருக்குப் பொருத்தமான சொல்.

திசையைச் சொல்லும்போது ‘டியூ நார்த்’ என்றால் நேர் வடக்கு, கொஞ்சமும் சாயாமல்.

‘நோ டியூ’ சான்று வாங்கினால் கடன் வேலை முடிந்ததா?

பாதிதான் முடிந்தது. முதலில் பெயர்: எழுத்து ஆங்கிலத்தில் ‘நோ டியூஸ் சர்டிஃபிகேட்’, பன்மை. கல்லூரியில் நூலகம், ஆய்வகம், விடுதி என்று வரிசையாகக் கையெழுத்து வாங்கும் படிவமும் அப்படித்தான்.

வாகனக் கடன் என்றால் பாக்கியில்லாச் சான்றோடு தடையில்லாச் சான்றும், நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35உம் வாங்க வேண்டும். அவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஆர்சியிலிருந்து அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். பிறகு காப்பீட்டு பாலிசியிலிருந்தும் நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பெட்டிக்குள் வைத்த சான்று, வண்டியை விற்கும் நாளில்தான் கண்ணில் படும். அதற்குள் நிறுவனமே வேறொன்றோடு இணைந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பு.

வீட்டுக் கடனில், முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

கடைசியாகக் கடன் அறிக்கை. அந்தக் கணக்கு ‘க்ளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்று இருந்தால் டியூ முழுவதும் வரவில்லை, குறைத்து வாங்கி முடித்தோம் என்று பொருள். அடுத்த கடனுக்கு அது தடையாகும்.

‘பே யுவர் டியூஸ்’, ‘கிவ் ஹிம் ஹிஸ் டியூ’ என்றால்?

‘டியூஸ்’ என்ற பன்மை சங்கம், கிளப் போன்றவற்றின் சந்தா. ‘ஷி ஹேஸ் பெய்ட் ஹெர் டியூஸ்’ என்று ஒரு கலைஞரைச் சொன்னால் சந்தா கட்டியதைச் சொல்லவில்லை. படிப்படியாகப் பாடுபட்டு இந்த இடத்தை அடைந்தார் என்கிறார்கள். ‘டு கிவ் ஹிம் ஹிஸ் டியூ’ என்பது பிடிக்காதவரிடம் உள்ள நல்லதையும் ஒப்புக்கொள்ளும்போது வரும்: ‘அவரைக் குறை சொன்னாலும், இந்த விஷயத்தில் அவருக்கு உரியதைக் கொடுத்தே ஆக வேண்டும்.’

அலுவலகக் கடிதத்திலும் சட்டத்திலும் வரும் ‘டியூ’ எப்படி?

‘இன் டியூ கோர்ஸ்’ என்றால் ‘உரிய காலத்தில்’. கேட்க இனிமையாக இருக்கும்; தேதி எதுவும் அதில் இல்லை. ‘யுவர் ரெக்வெஸ்ட் வில் பி கன்சிடர்டு இன் டியூ கோர்ஸ்’ என்று பதில் வந்தால், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதுவதே சரி.

‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் அடுத்து மறுப்பு வரப்போகிறது என்பது ஆங்கிலம் பேசுபவருக்குத் தெரியும். நன்றி சொல்லும் கடிதத்தில் அதைப் போடாதீர்கள்.

‘டியூ டிலிஜென்ஸ்’ என்பது வாங்குமுன் செய்ய வேண்டிய உரிய ஆய்வு. மனை வாங்குபவருக்கு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா பார்ப்பது அதுதான்.

‘டியூ பிராசஸ்’ அமெரிக்க அரசமைப்பின் 5ஆம், 14ஆம் திருத்தங்களில் உள்ள தொடர். இந்திய அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அந்தத் தொடர் இல்லை. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்றே இருக்கிறது. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் விளக்கியது. ஆட்சிப் பணித் தேர்வு எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ச்சொல் ‘அன்டியூ’: உரிய அளவை மீறியது. ‘அன்டியூ டிலே’ என்றால் நியாயமில்லாத தாமதம். ‘அன்டியூ இன்ஃப்ளுயன்ஸ்’ என்பதை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு விளக்குகிறது. ஒருவர் தன் கைப்பிடிக்குள் இருப்பவரின் மனதை அடக்கும் நிலையில் இருந்து, அதைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைவது. முதியவரிடம் அவரைப் பராமரிப்பவர் எழுதி வாங்கும் பத்திரம் இந்தப் பிரிவின் கீழ் கேள்விக்குள்ளாகலாம். ‘ரெசிட்யூ’, ‘சப்டியூ’ ஆகிய சொற்களின் கடைசியில் ‘டியூ’ இருந்தாலும் அவை இந்தக் குடும்பம் அல்ல.

உச்சரிப்பு, எழுத்துப் பிழை?

பிரிட்டன் வழக்கில் ‘டியூ’. பலர் வாயில் ‘ஜூ’ என்றும் ஒலிக்கும். அமெரிக்கர் ‘டூ’ என்பார்கள், ‘செய்’ என்ற சொல்லைப் போலவே. அமெரிக்க வாடிக்கையாளர் ‘இட்ஸ் டூ டுமாரோ’ என்றால் ‘டியூ’வைத்தான் சொல்கிறார்.

பனித்துளியைக் குறிக்கும் ‘டியூ’வின் எழுத்து டி, இ, டபிள்யூ. ஒலி ஒன்று, சொல் வேறு. ‘உரிய முறையில்’ என்ற ‘டியூலி’யில் ‘இ’ விழுந்துவிடும்: டி, யூ, எல், ஒய். ‘டியூலி ஃபில்டு அண்ட் சைன்டு’ என்று படிவங்களில் காண்பது இதுதான். நிரப்பி, கையெழுத்திட்டு, கேட்ட இணைப்புகளோடு தர வேண்டும் என்று பொருள்.

வங்கிக்கு மின்னஞ்சல் எழுத எந்த வாக்கியங்கள் போதும்?

பாக்கி கேட்க: ‘ப்ளீஸ் லெட் மீ நோ தி டோட்டல் அமவுண்ட் ஓவர்டியூ ஆஸ் ஆன் டுடே.’ கெடு தேதியை மாற்றக் கேட்க: ‘ஐ ரெக்வெஸ்ட் யூ டு சேஞ்ச் தி டியூ டேட் ஆஃப் மை இஎம்ஐ ஃபிரம் தி ஃபிஃப்த் டு தி டென்த்.’ சம்பளம் 7ஆம் தேதி வருபவருக்கு இந்த ஒரு மாற்றமே பல பவுன்ஸ் கட்டணத்தைத் தவிர்க்கும். எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது, ஆனால் கேட்கத் தடையில்லை. கடன் முடிந்த பிறகு: ‘ஆல் டியூஸ் ஹேவ் பீன் க்ளியர்டு. கைண்ட்லி இஷ்யூ தி நோ டியூஸ் சர்டிஃபிகேட்.’

மின்னஞ்சலின் பொருள் வரியில் (சப்ஜெக்ட்) கடன் எண்ணை முதலில் எழுதுங்கள். தொகை கட்டிய தேதியையும், அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணையும் கடிதத்துக்குள் எழுதுங்கள். தொலைபேசியில் பேசி முடித்தாலும் அதையே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். நாளை அறிக்கையில் தவறாக ஒரு ‘ஓவர்டியூ’ தெரிந்தால் திருத்தம் கேட்க அந்த மின்னஞ்சல்தான் சான்று.